இரண்டு அங்குலம்

உம் அல் குவைனில் யாருக்கும்
கந்தூரா சரியான நீளத்தில் கிடைப்பதில்லை.
வாங்கிய கையோடு என்னிடம் வருவார்கள்.
முட்டி போட்டு, கணுக்காலில்
சாக்குக்கட்டியால் ஒரு கோடு.
பிறகு கத்தரி.
இரண்டு அங்குலம் தரையில் விழும்.

ஏசி பழுதான ஒரு மத்தியானம்
கதவைத் திறந்துவைத்தேன்.
மூலையில் கிடந்த குவியலில் வெயில் விழுந்தது.
இத்தனை நாளாக வெள்ளை என்று பில்லில் எழுதியது
ஏழு வெள்ளையாக இருந்தது.
நீலம் போட்ட வெள்ளை,
பால் திரிந்த வெள்ளை,
ஜப்பான் துணியின் ஈரம் காயாத வெள்ளை,
துவைத்துத் துவைத்து எலும்பு தெரிகிற வெள்ளை.
மற்ற மூன்றுக்குப் பெயர் வரவில்லை.
ஆனால் எங்கோ பார்த்திருக்கிறேன்.

சிமெண்டு லாரிகள் திரும்பும் வளைவு தாண்டி
உப்புப் பூத்த தரை; சப்கா என்பார்கள்.
டெலிவரி வேனின் சன்னலில்
பதினொரு வருடமாக ஓடுகிறது.
அது வந்தால் நான்
போனை எடுத்துவிடுவேன்.

காலண்டர் தாள் அளவில் ஒன்று தைக்க உட்கார்ந்தேன்.
அடியில், யாரும் வாங்க வராத ஒரு தலையணை உறை.
நடுவில், பில் தொலைந்த கம்ஃபோர்ட்டர் ஒன்றின் பஞ்சு.
மேலே ஏழு வெள்ளை.
இஸ்திரி போடும் குல்சமான் கேட்டார்:
"யாருக்கு?"
யாருக்கும் இல்லை.
"அளவு?"
எடுக்கவில்லை.
அவர் நீராவியை 'புஸ்'ஸென்று திறந்துவிட்டார்.

வானத்துக்கு ஒரு துண்டு, தரைக்கு ஒரு துண்டு,
குறுக்கே நேராக ஒரு தையல்.
தொங்கவிட்டுப் பார்த்தால்
மடித்துவைத்த கைக்குட்டை.

வெள்ளிக்கிழமை சைக்கிளில் போனேன்.
செருப்புக்கடியில் அப்பளம் நொறுங்கியது.
உப்பு சின்னச் சின்ன வரப்பு கட்டியிருந்தது,
ஐந்து மூலை, ஆறு மூலை,
எந்த இரண்டும் ஒரே அளவில்லை.
தொடுவானத்தைத்தான் தேடினேன்.
அந்தப் புழுக்கத்தில்
எங்கே முடிகிறோம் என்று
தரைக்கே தெரியவில்லை.
தூரத்தில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி:
கவரால் போட்ட சர்வேக்காரன்,
கானலில் கால் இல்லாமல் நின்று
முக்காலியை மடித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து அந்தத் தையலைப் பிரித்தேன்.
கூலிக்குப் பிரித்திருக்கிறேன்,
இடுப்பு பெருத்தவர்களுக்கும் இளைத்தவர்களுக்கும்.
எனக்காகப் பிரித்ததில்லை.
கை கொஞ்சம் கூசியது.

விளிம்பு மடிக்காமல்
ஒரு வெள்ளைமேல் இன்னொரு வெள்ளையைப் படரவிட்டேன்.
மேல்பாதியில் நூலைப் படுக்கையாக ஓட்டினேன்.
கீழே கைத்தையலில் ஐந்து மூலை, ஆறு மூலை.
நூலை இழுக்க இழுக்கப்
பஞ்சு எழும்பி
உப்புப் பூத்தது.
ஆரஞ்சுக்குக் கவரால் துணியில் அரிசியளவு.
அதற்குக் கால் தைக்கவில்லை.

குல்சமான் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார்.
நெடுநேரம் பேசவில்லை.
"தண்ணி லாரி ஓட்டினேனே, அப்போ
வண்டி புதைஞ்சது இங்கேதான்.
ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.
இதோ, இங்கே."
அவர் விரல் வைத்த இடத்தில்
ஒன்றும் இல்லை.
பெயர் வராத வெள்ளைகளில் ஒன்று.

இப்போது மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.
ஒரு பள்ளி வாத்தியார், இரண்டு மாப்பிள்ளைகள்,
வங்கிக்காரர், பெயர் கேட்காத எத்தனையோ பேர்:
ஓர் ஊரின் உயரத்திலிருந்து நான் குறைத்ததெல்லாம்
அங்கே தரையாகக் கிடக்கிறது.

நேற்று மீன் ஏலக்காரர் ஹுமைத்
புதுக் கந்தூராவோடு வந்தார்.
நிமிர்ந்து பார்த்து,
"காலண்டரா? தேதி எங்கே?" என்றார்.
இடது மூலையில் இருப்பது
அவருடைய இரண்டு அங்குலம்.
சொல்லவில்லை.
நேராக நில்லுங்கள் என்றேன்,
முட்டி போட்டு
சாக்குக்கட்டியைத் தேடினேன்.